லௌஞ்சில் இடமில்லை என்று சொன்னது

6 மே 1976, வியாழன்

காலையில் கடும் குளிர். செவன் ஹில்ஸ் ஸ்டேஷனில் எல்லோருடைய வாயிலிருந்தும் புகை. கையுறை வாங்க வேண்டும்.

இன்று செய்தவை: பீர்க் குழாய்கள் மூன்றும் கழுவியது. நிலவறையில் பீப்பாய் மாற்றியது. லௌஞ்சுக் (பாரின் நல்ல பக்கம், இருந்து குடிக்கிற அறை) கம்பளத்தில் யாரோ சிகரெட்டால் சுட்ட ஓட்டை. அதன் மேல் ஒரு கதிரையை இழுத்து வைத்தது.

ஊருக்குக் கடிதம் போட்டேன், மனைவி சறோவுக்கு. 'ஹோட்டலில் வேலை நல்லபடி போகிறது.' பொய் இல்லை. இந்த ஊரில் குடிக்கிற இடத்துக்கும் ஹோட்டல் என்றுதான் பலகை. கடிதத்தை அவளுடைய தகப்பன், மாமாவும் வாசிப்பார். அதற்கு மேல் விளக்கவில்லை. கொழும்பில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியவன் சிட்னியில் பீர் ஊற்றுகிறான் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். இங்கேயும் ஒரு வருடம் வரைபட வேலைதான். போன வருடம் ஆட்களைக் குறைத்தார்கள், முதலில் என்னை. ஏழு மாதம் ஏறி இறங்கிய கந்தோர்களுக்குக் கணக்கில்லை. கடைசியில் இந்த ஹோட்டல் முதலாளி கெவின்தான் எடுத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குணரத்தினம் என்பது வாயில் நுழையவில்லை, முதல் நாளே 'கன்னர்' ஆக்கிவிட்டார். இப்போது எல்லோருக்கும் கன்னர்.

வியாழன் மனிதர் இன்றும் வரவில்லை. போன கிழமையும் இல்லை. பக்கத்துச் சந்தில் போத்தல் விற்கும் ஜன்னலுக்கு வருகிறவர். கறுத்த முகம், பழைய தொப்பி, இரண்டு பெரிய போத்தல். "எப்படி இருக்கிறது சிலோன்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "உள்ளே வந்து குடிக்கலாமே" என்று ஒருநாள் கேட்டேன். "உள்ளே வெளிச்சம் அதிகம்" என்று சிரித்தார். வேறு ஜன்னலில் வாங்குகிறாரோ என்னவோ.

8 மே, சனி

நேற்று வெள்ளி. லௌஞ்சில் பாட்டுக் கோஷ்டி. நிற்க இடமில்லை. பத்து மணிக்கு மூடும் மணி அடித்த பிறகும் பத்து நிமிடத்தில் இருபது பேருக்கு ஊற்றினேன். கடைசி றெயினைப் பிடிக்க ஓட்டம்.

காதில் விழுந்தவை: "அவளுக்கு என்ன குறை, எனக்குத்தான் பல் இல்லை." "என் தகப்பன் இதே ஸ்டூலில் இருந்துதான் செத்தார்." ஒரு பெண், தொலைபேசியில்: "நான் லைப்ரரியில் இருக்கிறேன்." பின்னால் டிரம் அடித்துக்கொண்டிருந்தது.

வலது மணிக்கட்டு வீக்கம். மார்ஜ் (கெவினின் மனைவி, குசினி அவருடைய பொறுப்பு) துணி கட்டிவிட்டார். அவர் செய்கிற ஆட்டிறைச்சிப் பை (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது) நன்றாகத்தான் இருக்கிறது, மிளகாய்த்தூளை நான் சட்டைப் பையில் கொண்டுபோவதால்.

16 மே, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

பின்னேரம் நாலு மணி. பப்ளிக் பாரில் நெருக்கடி. றேடியோவில் குதிரைப் பந்தயம், நடுவில் ராஃபிள், இறைச்சித் தட்டுக்குச் சீட்டுக் குலுக்கல். இந்தக் குளிரிலும் பாதிப்பேர் பெனியனும் அரைக் காற்சட்டையும். லௌஞ்சில் இரண்டு கிழவிகள் மட்டும், ஷெரி வைனோடு.

லௌஞ்ச் வாசலால் நாலு பேர் வந்தார்கள். இந்த நாட்டு ஆதிக்குடி ஆட்கள். வயதான ஒரு அம்மா, கறுப்புக் கோட், வெள்ளைக் கையுறை. கோட்டும் சூட்டும் போட்ட இரண்டு ஆண்கள். ஒரு இளம் பெண். செத்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

கெவின் என் தோளில் கை வைத்தார். "கன்னர், லௌஞ்ச் ஒரு விருந்துக்காக ஒதுக்கியிருக்கிறது என்று போய்ச் சொல்லு."

"என்ன விருந்து?"

"நீ போய்ச் சொன்னால் சண்டை வராது."

இரண்டும் இரண்டும் நாலு என்று உடனே விளங்கியது. விளங்கிய பிறகும் கால் நடந்தது.

"ஸாரி. லௌஞ்ச் இன்றைக்கு ஒதுக்கியிருக்கிறது. ஒரு விருந்து" என்றேன்.

ஆண்களில் ஒருவர் வெறும் மேசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த அம்மாதான் கேட்டார், "நீ எந்த ஊர், மகனே?"

"சிலோன்."

"அவ்வளவு தூரத்திலிருந்து வந்து இதைச் சொல்கிறாயா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஆளுக்கு ஒரு கிளாஸ். நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விடுவோம்."

"ஸாரி."

ஒரு கையுறையைக் கழற்றியிருந்தார். அதை விரல் விரலாகத் திரும்பப் போட்டுக்கொண்டார். அதுவரை நான் அங்கேயே நின்றேன். இளம் பெண் என் பெயரைக் கேட்டாள். கன்னர் என்றேன். என் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை.

இரவு வேலை முடிந்து நான் போகும்போது கெவின் ஒரு பொட்டலம் தந்தார், ராஃபிளில் மிஞ்சிய சொசேஜ். அறையில் என்னோடு இருக்கும் சிவா இன்று மத்தியானம் வெங்காயம் போட்டுப் பொரித்தான். வயிறு சரியில்லை என்று சொல்லிச் சோறும் தயிரும் சாப்பிட்டேன்.

17 மே, திங்கள்

சிவாவிடம் சொன்னேன். ஒரே அறையில் இரண்டு வருடமாக இருக்கிறோம், அவனுக்கு மறைக்க முடியாது. இங்கேயே செவன் ஹில்ஸில் பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை அவனுக்கு.

"நீ என்ன செய்தனி? சம்பளம் தாறவன் சொன்னதைச் செய்தனி. இதுக்குப் போய் மூஞ்சையைத் தூக்கி வச்சிருக்கிறாய்."

"என்னை ஏன் அனுப்பினவர் எண்டு தெரியுமோ?"

"ஓம், தெரியும். கறுவல் கறுவலைத் திருப்பி அனுப்பினால் ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம். கெட்டிக்கார மனிசன்." பிறகு, "தேத்தண்ணி போடவோ?"

போட்டான். குடித்தேன். சீனி அதிகம்.

3 ஜூன், வியாழன்

கையுறை வாங்கினேன். பழுப்பு நிறம்.

கெவின் மேல் மாடிக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு அரசாங்கக் கடிதம். இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்க இப்போது ஒரு கந்தோர் இருக்கிறதாம். முறைப்பாடு செய்தவர் மிஸிஸ் கார்ட்டர், அந்த அம்மா. கடிதத்தை என்னிடமே தந்து வாசிக்கச் சொன்னார். 'கன்னர் என்ற பெயருள்ள, கறுத்த, இந்தியப் பணியாளர் எங்களுக்குச் சேவை செய்ய மறுத்தார்.' இரண்டு தரம் வாசித்தேன்.

"என் பெயர் ஒரு இடத்திலும் இல்லை, பார்த்தாயா" என்றார். மிரட்டவில்லை. உண்மையாகவே என்னைப் பற்றிக் கவலைப்படுகிறவர் மாதிரித்தான் முகம். "அன்றைக்கு டார்ட்ஸ் கிளப் விருந்து இருந்தது. ஞாபகம் இருக்கிறதா?"

முன்பதிவுக் கொப்பியைத் திறந்து, டார்ட்ஸ் கிளப் (அம்பு எறிந்து விளையாடுகிறவர்கள்) என்ற வரியைக் காட்டினார். மார்ஜ் எப்போதும் பென்சிலால்தான் எழுதுவார். 15 மே பக்கத்தில் மட்டும் நீலப் பேனை.

"இருந்தது" என்றேனா, தலையாட்டினேனா, இப்போது நினைவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

9 ஜூன், புதன்

சறோவையும் பிள்ளையையும் கூப்பிடக் குடிவரவுக் கந்தோர் கேட்ட கடிதம் கிடைத்துவிட்டது. நான் நிரந்தர ஊழியர், நல்ல நடத்தை, நம்பிக்கையானவர். மார்ஜ் ரைப் அடித்து, கெவின் கையெழுத்து. இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று கேட்காமலே வந்தது.

"பிள்ளை வந்தால் முதல் ஒரு மாதம் மேலே ஒரு அறை தரலாம். மார்ஜுக்குப் பிள்ளைகள் என்றால் விருப்பம்" என்றார். அதுவும் உண்மை. தரக்கூடியவர்தான். அதுதான் எனக்குக் கஷ்டம்.

படத்தில் பிள்ளை தனியாக நிற்கிறது, வாய் நிறையப் பல். நான் புறப்பட்டபோது குப்புறக்கூடப் படுக்காது.

11 ஜூன், வெள்ளி

மிஸ் பிரைஸ் வந்தார், அந்தக் கந்தோரிலிருந்து. இருபத்தைந்து வயதிருக்கும். ஈரமான குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார், நான் வாங்கி வைத்தேன். மாடி அறை. கெவின் இல்லை, தனியாகத்தான்.

"அன்றைக்கு விருந்து இருந்ததா?"

"இருந்தது."

"யாருடையது?"

"டார்ட்ஸ் கிளப்."

"எத்தனை மணிக்கு வந்தார்கள்?"

"ஆறு மணிக்கு."

ஆறு என்று ஏன் சொன்னேன்? அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகவே சொன்னேன்.

எழுதி முடித்துப் பேனையை மூடினார். "உங்கள் நிறத்தில் உள்ள ஒருவர் நிறத்துக்காக இன்னொருவரைத் திருப்பி அனுப்புவார் என்று நம்புவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது" என்றார். நன்றி சொன்னார். குடையை எடுத்துக் கொடுத்தேன்.

13 ஜூன், ஞாயிறு

நித்திரை இல்லை. சிவா குறட்டை.

சித்தப்பாவின் தேத்தண்ணிக் கடை. சுன்னாகம் சந்தை ரோட்டில். எனக்குப் பதினைந்து வயது, பள்ளி விடுமுறைக்குக் கல்லாவில் இருப்பேன். சிலர் உள்ளே வரமாட்டார்கள். வெளியே வேலியோரம் நிற்பார்கள், சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுப்போம். போத்தலை அவர்கள்தான் கழுவி வைக்க வேண்டும். ஒருநாள் ஒரு வாலிபன் வெள்ளைச் சேர்ட்டோடு உள்ளே வந்து நீள மர வாங்கில் இருந்துவிட்டான். படித்த பெடியன். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய், "இஞ்ச இடமில்லை" என்றேன். வாங்கு முழுக்க வெறுமை. அவன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். பெயர் தருமன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

பதினாறு வருடமாகிறது. சறோவுக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒன்று என்று நினைத்ததுகூட இல்லை.

இந்த வேலை எனக்குப் புதிது இல்லை.

16 ஜூன், புதன்

ஸ்டேஷன் தொலைபேசியிலிருந்து மிஸ் பிரைஸுக்கு எடுத்தேன். முதல் தடவை அவர் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை, "நான் சொன்னதில் ஒரு திருத்தம்" என்றேன். என்ன திருத்தம் என்றார். சொன்னேன். 22ஆம் திகதி இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டிருக்கிறார்களாம், நேரில் வந்து சொல்வீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

சிவாவுக்குச் சொன்னேன். கரண்டியைச் சட்டிக்குள் போட்டான்.

"சறோவை யோசிச்சுப் பாத்தனியே? அந்தப் பிள்ளையை?"

"பாத்தனான்."

"பாத்துப்போட்டுத்தான் இப்பிடிச் செய்யிறியோ? ஆரோ ஒரு மனிசி, பேர் ஊர் தெரியாது. நாளைக்கு நீ றோட்டில நிண்டா அவ வந்து சோறு தருவாவோ?"

"தரமாட்டா."

"பின்னை?"

சட்டியிலிருந்து கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தேன். இரவு முழுக்க என்னோடு கதைக்கவில்லை. ஆனால் என் சேர்ட்டையும் சேர்த்து அயர்ன் பண்ணி வைத்திருக்கிறான்.

22 ஜூன், செவ்வாய்

வெயில், ஆனால் சூடில்லை.

சின்ன அறை. நீள மேசை. தட்டில் பிஸ்கட், ஒருவரும் தொடவில்லை. கெவின் பழைய சூட், கழுத்து இறுக்கம். பக்கத்தில் மார்ஜ். எதிரே மிஸிஸ் கார்ட்டர், அன்றைக்கு வந்த அதே கோட். சூட்டுப் போட்டவர்களில் ஒருவர் பக்கத்தில். மிஸிஸ் கார்ட்டரின் மகன், பெயர் ரே. மிஸ் பிரைஸ் மேசையின் தலைமாட்டில்.

கெவின் முதலில்: "அவர்களோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது கன்னர்."

மிஸ் பிரைஸ் என்னைப் பார்த்தார். வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு போன இங்கிலீஷ் எல்லாம் போய்விட்டது. வந்ததைச் சொன்னேன். "சொன்னது நான்தான். விருந்து எதுவும் இருக்கவில்லை. கெவின் சொல்லச் சொன்னார், நான் சொன்னேன். ஏன் என்னை அனுப்புகிறார் என்று தெரிந்துதான் போனேன். போன தடவை இவரிடம் நான் சொன்னதும் பொய்."

மார்ஜ் கைப்பையைத் திறந்து மூடினார். கெவின் என்னைப் பார்க்கவில்லை. "நான் இவனுக்கு என்ன குறை வைத்தேன்" என்று மேசைக்குச் சொன்னார்.

பிறகு மிஸிஸ் கார்ட்டர். "எனக்கு அந்த இடம் பிடிக்கவும் இல்லை. நான் குடிப்பதும் இல்லை. என் தம்பி வில் இருபது வருடமாக அந்தச் சந்தில் நின்று வாங்கினான். மழையிலும் அங்கேதான். அன்றைக்குக் காலையில் அவனை அடக்கம் செய்தோம். ஒரு தடவை உள்ளே இருந்து அவனுக்காகக் குடிக்கலாம் என்று ரே சொன்னான். அவ்வளவுதான்."

சந்து. வியாழன். பழைய தொப்பி. அதற்குப் பிறகு அவர்கள் பேசியதில் பாதி விளங்கவில்லை.

முடிவு: கெவின் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இனி யாரையும் நிறத்துக்காகத் திருப்பி அனுப்புவதில்லை என்று கையெழுத்து. போட்டார். மிஸிஸ் கார்ட்டரும் போட்டார், மெதுவாக, முழுப் பெயரும்.

எழுந்தபோது நான் அவர் முன்னால் போய், "என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். நன்றாக, நேரமெடுத்துப் பார்த்தார். பிறகு மிஸ் பிரைஸ் பக்கம் திரும்பி, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

நடையில் ரே என்னிடம் வந்தார். "உண்மையான பெயர் என்ன?"

"குணரத்தினம்."

ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். கிட்டத்தட்டச் சரியாக வந்தது.

"வில் மாமா உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் மீதிக்காசை ஜன்னல் பலகையில் வைப்பார்களாம். சிலோன்காரன் மட்டும் கையில் வைப்பான் என்பார். வாசலில் வந்தது அந்த ஆள்தான் என்று இன்றைக்குத்தான் எனக்கு விளங்குகிறது."

தாயைக் கூட்டிப்போகப் போய்விட்டார். அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

25 ஜூன், வெள்ளி

வேலை போய்விட்டது. எதிர்பார்த்ததுதான். "வியாபாரம் குறைவு, கன்னர்." பின்னால் பாட்டுக் கோஷ்டி ஒலிபெருக்கிகளை இறக்கிக்கொண்டிருந்தது.

மார்ஜ் குசினி வாசலில் ஒரு பொட்டலம் தந்தார். ஆட்டிறைச்சிப் பை. இன்னும் சூடு. "நீ செய்தது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் பேனையால் எழுதியிருந்தது எனக்குத் தெரியும்" என்றார். கண் சிவந்திருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

குடிவரவுக்கான கடிதத்தை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அனுப்பினால் சரிபார்க்கத் தொலைபேசி எடுப்பார்கள். எடுத்தால் கெவின் என்ன சொல்வார்? கிழித்துக் குப்பையில் போட்டேன். 'நம்பிக்கையானவர்' என்ற துண்டு மேலே கிடந்தது. அதன் மேல் வெங்காயத் தோல் போட்டேன்.

27 ஜூன், ஞாயிறு

சறோவுக்கு எழுதினேன். நாலு ஏரோகிராம் வீண். ஐந்தாவதில் எல்லாம் எழுதினேன்: ஹோட்டல் என்றால் என்ன, மிஸிஸ் கார்ட்டர், டார்ட்ஸ் கிளப், வேலை போனது. சுன்னாகம் கடையும். தருமனும். முகவரிப் பக்கத்தில் 'சறோஜினி மட்டும்' என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.

சிவா, சுவரைப் பார்த்தபடி: "எங்கட இடத்தில இரவு வேலைக்கு ஆள் எடுக்கிறாங்கள். போர்மனோட கதைச்சனான். வாளிதான். பாரம் இல்லை."

1 ஜூலை, வியாழன்

வாளி. சிவப்பு, நீலம், பச்சை. கைப்பிடி மாட்டுவது என் வேலை. பக்கத்தில் ஒரு கிரேக்கக்காரர், ஆறு வருடமாகக் கைப்பிடி. சத்தத்தில் பேச முடியாது. அது ஒரு நிம்மதி.

காலை வீட்டுக்கு வரும்போது பால் வண்டி. இன்று வியாழன் என்பது படுக்கையில் விழுந்த பிறகுதான் நினைவு வந்தது.

14 ஜூலை, புதன்

சறோவின் கடிதம். முதல் பாதி வழமை. பிள்ளைக்குச் சளி மாறிவிட்டது. கிணற்றுக் கப்பி மாற்ற வேண்டும். வேலை போனதை மாமாவுக்குச் சொல்லியிருக்கிறாள், காரணம் சொல்லவில்லை.

பிறகு: 'தருமனின் தங்கச்சி எனக்குத் தையல் வகுப்பில் பழக்கம். நல்ல பிள்ளை. எங்கள் வீட்டுக்கு வந்தால் முற்றத்தோடு நிற்பாள், நானும் உள்ளே வா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு அவளைச் சந்தையில் கண்டேன். கதைக்க முடியவில்லை. உங்களில் எனக்குக் கோபம். ஏன் கோபம் என்று சரியாகத் தெரியவில்லை. எப்போது கூப்பிடுவீர்கள் என்று அப்பா கேட்கிறார், நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் எழுதுங்கோ. நீங்கள் மன்னிப்புக் கேட்டதற்கு அந்த அம்மா என்ன சொன்னா? அதை நீங்கள் எழுதவில்லை.'

பதில் எழுத இருந்தேன். மழை தொடங்கிவிட்டது, சிவா கொடியில் போட்ட துணிகளை ஓடிப்போய் எடுத்து வந்தேன். திரும்ப வந்து இருந்தேன். திகதி, அன்புள்ள சறோ. அவ ஒன்றும் சொல்லவில்லை, என்று எழுதினேன். கீழே இன்னும் முக்கால் பக்கம் இருக்கிறது. பத்து மணிக்கு வேலை.